நீலச் சாரம் கட்டிய அண்ணாவுக்கு நன்றி

ஞாயிறு எங்கள் பப்டிஸ்ட் சபையின் நீண்டகாலப் பணிக்கு நன்றி ஆராதனை வைத்தோம். 1812இல் பப்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் வந்திறங்கியதில் தொடங்கிய பேச்சு, 2004 சுனாமி இரவில் இதே மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களிடம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. (திருகோணமலை வெக்கையில் விசிறி இல்லாமல் பேச்சாவது!) உட்துறைமுக வீதியால் போன நீங்கள் ஓட்டோவை நிறுத்தி விசாரித்தீர்கள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். பெற்றோலும் உங்கள் காசு. வயர் இழுத்துக் கொடுத்ததில் கையெல்லாம் கரி. அம்மம்மாக்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். யார் யாருக்குக் கிடாரத்தில் பருப்புக் காய்ச்சினோம் என்பது வரைக்கும். தேத்தண்ணி ஊற்றுவதற்குள் போய்விட்டீர்கள். சரி, அண்ணா, ஜெனரேட்டர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. யாருடையது என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள்.