முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

சங்கத் தலைவர் அவர்களே, தாளாளர் தந்தை அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் 21 அன்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கும், இவ்வாண்டில் நாம் இழந்த உறுப்பினர்களுக்கும் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. உதவித்தொகை, சீருடை, சத்துணவுக்கூடப் பழுதுபார்ப்பு ஆகியவை வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயற்குழு இவ்வாண்டு அதிக நேரம் பேசியது வேறொன்றைப் பற்றி. பள்ளி வாயிலில் பெரிய வளைவும் மாதா கெபியும் (மாதா சிலை வைக்கும் குகை வடிவச் சிற்றாலயம்) கட்டித் தர சில உறுப்பினர்கள் முன்வந்தார்கள். இது கத்தோலிக்கப் பள்ளி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் எதனால் இது கத்தோலிக்கப் பள்ளி ஆகிறது என்ற கேள்வி உடனே எழுந்தது. பல கூட்டங்களுக்கு நீண்டது.

சிறுபான்மையினருக்குப் பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30(1) பிரிவு தருகிறது. உரிய திருச்சபை அதிகாரத்தின் இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 803ஆம் பிரிவு. இவ்விரண்டும் நமக்கு இருக்கின்றன. உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பொதுப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றி 1965இல் வெளியிட்ட அறிக்கையோ இன்னும் கடினமானதைக் கேட்கிறது: நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த சூழல் பள்ளியில் இருக்க வேண்டும், ஏழைகள், குடும்ப ஆதரவு இல்லாதவர்கள், நம் நம்பிக்கையைச் சாராதவர்கள் ஆகியோர் மீது தனி அக்கறை வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எங்களை உறுத்தியது ஒன்பதாம் வகுப்பு. பத்தில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வது பல பள்ளிகளில் உள்ள பழக்கம். நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பேனருக்காக நடக்கும் காரியம் இது. நம் பள்ளியிலும் அப்படி நடந்ததாகப் பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். வெளியே அனுப்பப்படும் பிள்ளை பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளை. பல வீடுகளில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கற்பித்துவிட்டு, அலுவலக அறையில் அந்த ஆட்டை நாமே வெளியே விடலாமா? தலைமையாசிரியரிடம் இதை நேராகவே சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பெற்றோர் தாமாகக் கேட்டாலன்றிச் சான்றிதழ் கொடுப்பதில்லை என்று முடிவானது. அந்தப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் செலவைச் சங்கம் ஏற்றது. வகுப்பை முன்னின்று நடத்துபவர் நம் பழைய மாணவரான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவர் கிறிஸ்தவர் அல்லர். இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு வரவில்லை. சில உறுப்பினர்களுக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை.

சாதி பற்றியும் பேசினோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவருடன் படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டுவதைப் பள்ளிகளில் தடை செய்யும்படி 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் உள்ள திருச்சபை நம்முடையது. ஆகவே அரசாணைக்காகக் காத்திருக்க நமக்கு உரிமை இல்லை. கயிறு கட்டிய மாணவர்களை ஆசிரியர்கள் தனித்தனியே அழைத்துப் பேசிக் கழற்ற வைத்தார்கள். ஆனால் அதே நிறங்கள் நம் ஊர்த் திருவிழாத் தோரணங்களில் தொங்குகின்றன. பெரியவர்கள் தொடங்க வேண்டிய வேலை இது.

பிற சமய மாணவர்கள் மீது கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது, காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்று இந்திய ஆயர் பேரவையின் கல்வி அலுவலகம் 2024இல் வழிகாட்டியது. சிலுவையை இறக்கப் போகிறார்களோ என்று சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அரசு ஏற்பு பெற்ற பள்ளியில் பெற்றோர் இசைவின்றிச் சமயப் போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3) பிரிவில் ஏற்கெனவே உள்ளதுதான். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு. தேர்வு நெருங்கினால் மறைக்கல்வி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்; மற்ற மாணவர்களின் நன்னெறி வகுப்புக்கும் அதே கதிதான். யாரும் திணிக்காமலே, நம் பிள்ளைகளுக்கு நாமே ஜெபத்தை மறக்கடித்துவிடுவோம். இந்த இரு வகுப்புகளையும் எக்காரணத்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று தாளாளர் தந்தையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதிலை எதிர்பார்க்கிறோம்.

கெபித் திட்டம் கைவிடப்படவில்லை. வளைவுக்கு ஒதுக்க நினைத்த தொகை மட்டும், கொடையாளர்களின் சம்மதத்துடன், மாலை வகுப்புக்கும் அங்கு வரும் பிள்ளைகளின் சிற்றுண்டிக்கும் மாற்றப்பட்டுள்ளது. கெபியை எளிமையாக, மாணவர்கள் உட்கார்ந்து ஜெபிக்கும்படி மரத்தடியில் அமைக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்