சுங்கை சிப்புட் மக்களுக்கு ஒரு தகப்பனின் நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

நேற்று சாயங்காலம் மருமகளின் கணக்கில் என் மகனின் இறப்புக்கான இழப்பீட்டுப் பணம் ஏறிவிட்டது. பேங்க் புத்தகத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மகிழ்ச்சி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தூக்கமும் வரவில்லை. கப்பல் வேலைக்குப் போன மகன், இன்னொரு கப்பலோடு நடந்த மோதலில் இறந்துபோனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி வந்த அன்று இடுகாடு வரைக்கும் கூடவே நடந்தவர்கள் நீங்கள்.

கோயில் நிர்வாகத்தார், பேரப்பிள்ளைகளைத் தினமும் தம் காரில் ஏற்றிப்போன தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பதினாறு நாளும் சோறாக்கிக் கொண்டுவந்த பழைய தோட்டத்துப் பெண்கள், காசு வாங்காமல் அலைந்த ஈப்போ வழக்கறிஞர், மணிலாவிலிருந்து போன் போட்டு அழுத மகனின் கூட்டாளி, எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒருவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. பஸ் நிலையத்துப் பக்கம் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் சீனத்தம்மா.

இறப்புப் பத்திரத்தை நகலெடுக்கப் போயிருந்தேன். பெயரைப் பார்த்தவர் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். கண்ணாடிமேல் மறந்துவிட்டுப் போகிறவர்களின் தாள்கள் அதில் கிடந்தன. பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, யாருடையதோ ஐசி (அடையாள அட்டை) நகல். அடியிலிருந்து ஒன்றை உருவி, "இனி அங்கிள் புன்யா அனாக் புன்யா" என்று மலாயில் சொன்னார். உங்கள் பிள்ளையுடையது. கப்பலேறும் முன் ஒப்பந்தத்தை நகலெடுக்க வந்தவன், ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு வருடமாக வைத்திருந்தார். கையெழுத்துப் போட்ட தாளை எப்படி எறிவது என்று என்னைக் கேட்டார். நகலுக்கு உரிய அறுபது காசையும் வாங்கவில்லை.

வேலையில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்கு எவ்வளவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு என்று அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அவனைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்டு எங்களிடம் சொன்னது வேறு. எந்தக் கப்பல்மேல் தப்பு என்று விசாரணை முடியட்டும், இப்போதைக்கு இந்த உதவித்தொகையோடு கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். தாளில் இருந்ததில் அது பாதிகூட இல்லை.

மோதலில் யார் தப்பு என்பது இரண்டு கப்பல்காரர்களும் வருடக்கணக்கில் அடித்துக்கொள்கிற விவகாரம், ஒப்பந்தத்தில் எழுதிய இழப்பீடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று வழக்கறிஞர் விளக்கினார். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை மலேசியா 2013இல் ஏற்றது. மகன் போன கப்பலின் கொடிநாடும், அதாவது அந்தக் கப்பல் பதிவான நாடும், ஏற்றிருந்தது. 2017 ஜனவரி 18 முதல் அதில் இன்னொரு விதியும் உண்டு. மரண இழப்பீட்டுக்கான காப்புறுதிச் சான்றிதழைக் கப்பலாட்கள் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். தொகையை முழுதாக, தாமதமில்லாமல் தர வேண்டும். குறைத்து வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்கக் கூடாது. குடும்பம் காப்புறுதிக்காரரிடமே நேராகக் கேட்கலாம். இதை வாங்கிவிட்டதால் கவனக்குறைவுக்கான வழக்கு அடைபட்டுவிடாது. மோதல் வழக்குக்கு, கப்பல் மோதல்கள் பற்றிய 1910ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இரண்டு வருடக் கெடு இருக்கிறது என்பதால் அந்த வேலையையும் தொடங்கிவிட்டோம்.

1968இல் தோட்டத்தில் மரம் விழுந்து என் அப்பா இறந்தார். எனக்கு ஆறு வயது. ஆபீசு வாசலில் நின்று அம்மா ஒரு தாளில் கைநாட்டு வைத்ததும், கிராணி எண்ணிக் கொடுத்த வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டதும் நினைவிருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவுக்குச் சாகும்வரை தெரியாது. என் மருமகள் படித்தவள். இருந்தும் அந்த ஏஜெண்டு முன்னால் அவள் கையில் பேனா இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

இந்த வட்டாரத்திலிருந்து கப்பலுக்குப் போகிற எந்தப் பிள்ளையானாலும் என் வீட்டுக்கு வரட்டும். கூட உட்கார்ந்து ஒப்பந்தத்தை ஒவ்வொரு பக்கமாகப் படிப்பேன். எனக்குப் புரியாததைக் கேட்க வழக்கறிஞர் இருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த மாதம் கப்பலேறுகிறான். திங்கட்கிழமை அவனை அந்தச் சீனத்தம்மா கடைக்குக் கூட்டிப்போகிறேன். மூன்று நகல். ஒன்று அவன் அம்மாவிடம் இருக்கும்.