என் மோதிர விரலை நிமிர்த்தித் தந்தவர்களுக்கு

ஆரையம்பதியில் தையல் வேலை செய்பவள் நான். மடக்கினால் நிமிராமல் கொளுவிக்கொண்டு, இழுத்துவிட்டால் 'டக்'கென்று திறக்கும் விரலோடு கத்தரி பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு தெரியும்.

முதல் நன்றி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் என்னைப் பார்த்த எலும்பு வைத்தியருக்கு. கிளினிக்கில் அவ்வளவு சனம் நின்றும் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். விரலை மடக்கும் நார் உள்ளங்கையில் ஒரு சிறு வளையத்துக்குள்ளால் ஓடுகிறதாம். வளையம் தடித்து நாரும் வீங்கினால், ஊசிக் காதில் நூல் முடிச்சு மாட்டுவதுபோல அங்கே சிக்கும். இதற்கு 'ட்ரிகர் ஃபிங்கர்' என்று பெயர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருமாம். எனக்கும் அது இருக்கிறது.

சிகிச்சைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றின் குறையையும் மறைக்காமல் சொன்னார். ஆரம்பமென்றால் மட்டை கட்டி விரலுக்கு ஆறுதல் கொடுக்கலாம்; ஆனால் வாரக்கணக்கில் கட்டவேண்டும், தையற்காரிக்கு அது தோதுப்படாது. ஸ்டீராய்டு ஊசி பலருக்கு ஒன்றிலேயே சரிவரும். சீனி உள்ளவர்களுக்குப் பலன் குறைவு, சில நாட்களுக்குச் சீனியும் ஏறும். தோலைத் திறக்காமல் ஊசி முனையாலேயே வளையத்தை அறுக்கும் முறையும் உண்டு. காயம் சிறிது, ஆனால் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. திறந்து வெட்டினால் திரும்ப வருவது அரிது. அதில் தழும்பு நோவு, கிருமித் தொற்று, அபூர்வமாக நரம்புக் காயம் என்று பயங்கள் உண்டு. "யோசித்துச் சொல்லுங்கம்மா" என்று முடிவை என்னிடமே விட்டார். அந்த மரியாதையை மறக்கமாட்டேன்.

முதலில் ஊசி போட்டோம். அந்த நாட்களில் சீனியைச் சோதித்துக் கொப்பியில் எழுதவைத்த தாதி மிஸ்ஸிக்கு நன்றி. சில மாதம் சுகமாக இருந்து பழையபடி கொளுவியதும், வெட்டச் சம்மதித்தேன். கையை மட்டும் விறைக்கச் செய்ததால் முழுக்க விழித்திருந்தேன்; விரலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் தைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் விரலைச் சும்மா வைத்திருக்க விடாமல் பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபி தங்கச்சிக்கும் நன்றி.

காயத்தில் தண்ணி படாமல் சமைத்துப் போட்ட மச்சாள், கிளினிக் நாளெல்லாம் ஓட்டோவோடு காத்திருந்த தம்பி, உங்களுக்குக் காசு கொடுத்துத் தீராது. எண்ணெய் பூசி உருவிவிட்ட பக்கத்து வீட்டு மாமிக்கும் நன்றி. விரல் நிமிரவில்லை, ஊர்க்கதை முழுக்கக் கிடைத்தது.

துணியைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்திருந்தவர்களே, மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு உடுக்கவேண்டிய சாறிச் சட்டைகள் எல்லாம் தைத்து முடிந்தன. பின்னேரங்களில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.