சென்சாருக்குப் படம் போகுமுன்

அன்புள்ள கயல்,

அந்த லாட்ஜ் காட்சியைத் தயாரிப்பாளர் இப்போதே தூக்கிவிடச் சொல்கிறாராமே. தூக்காதே. தணிக்கை வாரியம் வெட்டச் சொன்னால் எழுத்தில் தர வேண்டும். அந்த உத்தரவை வைத்துத்தான் மேலே போக முடியும். பயந்துபோய் நீயே வெட்டியதற்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்கில்லை.

எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று முதலில் அவரிடம் பேசி முடி. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ 7, 13, 16 வயது என மூன்றாகிவிட்டது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற 'ஏ' வாங்கினால் டிவிக்கு விற்க, படத்தை மாற்றித் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒழுக்கம் என்று தொடங்கும் பாதிச் சண்டை, கடைசியில் இந்த டிவி காசில்தான் வந்து நிற்கும்.

காகிதத்தில் கோட்டை விடாதே. டப்பிங்கில் மாறிய வசனம், வாரியத்திடம் கொடுக்கும் சென்சார் ஸ்கிரிப்ட்டிலும் மாறியிருக்க வேண்டும். சிகரெட் காட்சி இருப்பதால் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி எச்சரிக்கைப் படம், 20 விநாடி அறிவிப்பு. புகைக்கும் ஷாட்டில் கீழே எழுத்து. மாட்டு வண்டிக்கு விலங்கு நல வாரியக் கடிதம் கையில் இருக்கிறதா?

பார்த்து முடித்ததும் கூப்பிட்டுப் பேசுவார்கள். "ஆபாசமாக இருக்கிறது" என்றால் எந்த விதி, எந்த ஷாட், எத்தனை விநாடி என்று கேள். ஒரு சொல்தான் பிரச்சினை என்றால் மியூட் போதும், ஷாட் பிழைக்கும். லாட்ஜ் காட்சியைப் "பாதியாகக் குறை" என்றால் கைகள் வரும் பகுதியைக் குறைத்துவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தை வைத்துக்கொள். காட்சியின் உயிர் அங்கேதான். படத்தை முழுமையாக வைத்தே எடைபோட வேண்டும் என்பது அவர்களுடைய வழிகாட்டு நெறியிலேயே உள்ளது. அதை நினைவூட்டத் தயங்காதே.

ஒத்துவராவிட்டால், படத்தை மறுபடி பார்க்கும் வாரியத்தின் ரிவைசிங் கமிட்டி. அதற்கும் மேலே இருந்த தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். சின்னப் படக்காரர்களுக்கு அது பெரிய அடி. இப்போது 30 நாளுக்குள் நேராக உயர் நீதிமன்றம்தான்.

வெளியீட்டின்போது யாராவது கலாட்டா செய்வார்கள் என்று தயாரிப்பாளர் நடுங்கினால், 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கின் 1989 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கொடு. இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம் அது. அதன் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகப் படத்தை நிறுத்தக் கூடாது, பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்ற தீர்ப்பு உன் படத்துக்கும் பொருந்தும்.

சான்றிதழ் வந்தபின் ஒரு ஷாட் சேர்த்தாலும் எடுத்தாலும் வாரியத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய். எடிட்டரிடமும் இதைச் சொல்லிவை.

அன்புடன்,
அப்பா