பெற்றோர் கூட்டத்தை வளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிச் சேர்க்கை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பாராட்டியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளின் படிப்பில் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு அக்கறை போதாது என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். இங்கும், மேலப்பாளையத்திலும், அந்தப் பக்கம் கடையம், ஆலங்குளம் வரைக்கும் தெருவுக்குத் தெரு, வளவுக்கு வளவு (ஒரே முற்றத்தைச் சுற்றி இருக்கிற வீடுகளை வளவு என்போம்) பீடி சுற்றும் பெண்கள்தான். ஆண்களில் பலர் கேரளா, திருப்பூர், மும்பை, வளைகுடா என்று வெளியூரில். எனவே இங்கே பெற்றோர் கூட்டம் என்றால் அது அம்மாக்கள் கூட்டம். அம்மா வர முடியாவிட்டால் ஆச்சி.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். 2022-இல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 3 மணிக்குக் கூட்டம் என்று வழக்கமும் ஆயிற்று. அந்த நேரத்தில் பீடி சுற்றுகிறவள் எங்கே இருப்பாள்? ஒன்று, கம்பெனிக்குப் பீடி கொடுக்கப் போயிருப்பாள். இல்லையென்றால் அன்றைய கணக்குப் பாதியில் நிற்க, மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எழுந்து போனால் அன்றைக்குக் கணக்கு குறையும்.

அப்படியும் வருகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? நான் உறுப்பினராக இருந்த குழுவில் பேசியதெல்லாம் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி. தேவையான பேச்சுதான், மறுக்கவில்லை. பிள்ளைக்கு வீட்டில் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற பேச்சு வந்தால் மட்டும், 'படிக்கச் சொல்லுங்க, போனைக் கொடுக்காதீங்க' என்ற இரண்டு வரியோடு முடிந்துவிடும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.

போனைக் கொடுக்காதே என்று சொல்வது எளிது. இரண்டு கையும் பீடி இலையிலும் புகையிலைத் தூளிலும் இருக்கிறபோது மூன்று வயதுப் பிள்ளை அழுதால், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யாராவது அவளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?

இதற்கு, உழைக்கும் பெண்களைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு. 1990-களின் தொடக்கத்தில், இது நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாக இருந்தபோது நடந்த, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம். வேலை முடிந்த பிறகு, பெண்கள் இருக்கிற இடத்தைத் தேடித் தொண்டர்கள் வந்தார்கள். அன்று எழுத்துக் கூட்டிப் படித்த பலர் இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்த ஆச்சிகள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் அதே வழியில் மாலை நேரத்தில் தெருவுக்கு வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு நம்மூர்ப் பெண்களே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அது மெல்லச் சுருங்கிவிட்டது, அது வேறு கதை. அந்தத் திட்டத்தில் நான் கண்ட குறை ஒன்றுதான். பிள்ளை திண்ணையில் படிக்கும், நாலடி தள்ளி அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். அவளையும் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

வெளிநாட்டில் இதை யோசித்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 1969-இல் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் 'ஹிப்பி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. (தலைமுடி வளர்த்த ஹிப்பிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பள்ளிக்குப் போகும் வயதை நெருங்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கானது. வீட்டுக்கு வருகிறவர் டீச்சர் இல்லை, அதே குடியிருப்பைச் சேர்ந்த இன்னோர் அம்மா. அவர் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை. அந்த வாரத்துக் கதையையும் விளையாட்டையும் அம்மாவோடு நடித்துக் காட்டிப் பழக்குகிறார், ஒருவர் அம்மாவாகவும் மற்றவர் பிள்ளையாகவும். பிறகு அம்மாவே தினமும் கொஞ்ச நேரம் தன் பிள்ளையோடு உட்காருகிறாள். அதிகம் படிக்காத அம்மாக்களை மனதில் வைத்தே இதை வகுத்தார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1984-இல் சட்டமே போட்டு, சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வழிகாட்டும் பொறுப்பைப் பள்ளி நிர்வாகங்களிடம் ஒப்படைத்தார்கள்.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லவரவில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், அதாவது நம் பால்வாடியில், தாய்மாருக்குச் சொல்லித்தருவதும் ஒரு வேலையே. ஆனால் அது பெரும்பாலும் சத்துமாவு, தடுப்பூசி, எடை என்ற அளவில் நின்றுபோனது. 2024-இல் ஒன்றிய அரசு 'நவசேதனா' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை வீட்டில் பிள்ளையோடு செய்ய 140 செயல்பாடுகள் அதில் இருக்கின்றன. அது எங்கள் வளவுக்கு வந்து சேரவில்லை. பால்வாடி அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் தலையில் ஏற்கெனவே எத்தனையோ பதிவேடுகளும் ஒரு செல்போன் செயலியும் இருக்கின்றன.

எங்கள் பெண்களில் பலர் 'எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவ' என்பார்கள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவர்கள்! இலைக் கணக்கு, தூள் கணக்கு, கழித்த பீடிக் கணக்கு எல்லாம் மனதிலேயே. எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் புளியங்கொட்டையைக் கொடுத்து ஐந்தைந்தாகப் பிரிக்கச் சொல்ல அவளால் முடியும். கையை நிறுத்தாமலே அழிப்பாங்கதை (விடுகதை) போட முடியும். நேற்றுச் சொன்ன கதையை இன்றைக்கு நீ சொல்லு என்று கேட்க முடியும், தெருவில் போகிற பஸ்ஸின் எண்ணை வாசிக்கச் சொல்ல முடியும். இதெல்லாம் படிப்புதான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண்ணப் பழக்குகிறேன் என்று பிள்ளையின் கையில் பீடிக் கட்டைக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் எங்கள் தெருக்களில் சின்னப் பெண்பிள்ளைகள் பீடிக்கு வாய் மடக்கியே வளர்ந்தார்கள், படிப்பு அப்படியே நின்றது. தூளும் பிள்ளை மூக்குக்கு ஆகாது. கொஞ்சம் தள்ளி, காற்றோட்டமான பக்கம் உட்காரவைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். சொல்லித்தர வருகிறவர் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கம்பெனி விடுமுறை நாளில், விளக்கு வைத்த பிறகு, வளவிலேயே ஒரு மணி நேரம் கூடலாம். பேச்சாளர், மைக், வாழ்த்துரை எதுவும் வேண்டாம். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிப் பழகிய ஓர் அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்து, மாதம் ஒரு தொகையும் கொடுங்கள். சும்மா வா என்று கூப்பிட்டால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவாள், அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. பயிற்சிக்கு முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புத்தகத்துக்கும் அலைய வேண்டாம். பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் போட்ட சின்னப் புத்தகங்கள் பள்ளிகளில் இருக்கின்றன. வாரம் ஒன்று வீட்டுக்கு வரட்டும். எழுத்துத் தெரியாத அம்மா படம் பார்த்துக் கதை சொல்வாள். மும்பையில் இருக்கிற அப்பாவும் ராத்திரி போனில் மார்க்கை விசாரிப்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு என்ன கதை என்று கேட்கலாம்.

கூட்டம் சேர்க்க ஒரு வழியும் சொல்கிறேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய தொழிலாளர் துறை முதல் வகுப்பிலிருந்தே கல்வி உதவித்தொகை தருகிறது. வகுப்புக்கேற்ப ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்கல்விக்கு 25,000 வரை. விண்ணப்பம் இணையத்தில்தான். பாதிப்பேர் கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்தும், ஏதோ ஓர் எழுத்துப்பிழையில் விட்டுவிடுகிறார்கள். முதல் கூட்டத்தில் இந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள், அடுத்த வாரம் கூப்பிடாமலே வருவார்கள்.

மாவட்ட நிர்வாகம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சில தெருக்களில் இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் ஒன்று, சொல்லித்தர வரும் அந்த அம்மாவை வளவுப் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும். கவுன்சிலர் வீட்டு மைனியை அந்த வேலையில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு முன்னாள் உறுப்பினர்,
முக்கூடல்.
(பெயர் வெளியிட வேண்டாம்)