வீட்டில் இருப்பவர்களை மறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய விவாதம் எப்போதும் நள்ளிரவில் கதவை உடைத்து வருபவனைச் சுற்றியே நடக்கிறது. அந்த அச்சம் பொய்யல்ல. போலீஸ் வந்து சேர நேரமாகும் இடத்தில் தனியாக வசிப்பவரின் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2008-இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால் அதே நாட்டில் 2022-இல் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,000 பேரில் ஏறக்குறைய 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்களைவிட இது அதிகம். இதை ஏன் யாரும் உரக்கப் பேசுவதில்லை? தற்கொலை எண்ணம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியோ அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதே இல்லை எனலாம். திருடனுக்காகக் குண்டு நிரப்பி இழுப்பறையில் வைத்ததை, மனமுடைந்த மகனோ மகளோ எடுத்தால் என்ன செய்வது?

பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது என்பார்கள். விரல் ரேகை வைத்ததும் திறக்கும் பெட்டிகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகளாகின்றன. உரிமையை மறுக்கச் சொல்லவில்லை. பூட்டி வைப்பதைச் சட்டக் கட்டாயமாக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மனச்சோர்வில் இருக்கும் காலத்திலாவது ஆயுதத்தை வெளியே ஒப்படைத்துவைக்க எளிய வழி வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்