பாதிக் கப்பலை வாங்க ஆள் வருகிறது, அதைக் கட்டியவன் பாக்கி என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சர் சொகுசுக் கப்பலைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நீச்சல் குளம், தியேட்டர், சாப்பாடு, டிக்கெட் விலை என்று எல்லாம் இருந்தது. வேறொரு கம்பெனி திவாலாகி நடுவில் விட்டுப்போன கப்பல் அது என்ற சங்கதி மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. கப்பல் கட்டும் யார்டுகளில் வெல்டராக வேலை பார்த்தவன் நான், அதனால் மற்றதை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் விஸ்மர் என்ற ஊரில் குளோபல் ட்ரீம் என்ற பெயரில் தொடங்கிய கப்பல் அது. ஜென்டிங் ஹாங்காங் கம்பெனிக்காக 2018-ல் வேலை ஆரம்பம். 2,08,000 டன் கொள்ளளவு, 340 மீட்டருக்கு மேல் நீளம். கொரோனா வந்து கப்பல் சுற்றுலாவே படுத்துவிட, 2022 ஜனவரியில் முதலில் அந்த யார்டும் ஒரு வாரம் கழித்து ஜென்டிங் ஹாங்காங்கும் கையை விரித்துவிட்டன. முக்கால்வாசி வேலை முடிந்த கப்பல் தளத்துக்குள்ளேயே நின்றது, அடுத்த கப்பலோ தொடங்கிய நிலையோடு சரி. அந்த வருஷக் கடைசியில் டிஸ்னி வந்து சகாய விலைக்கு வாங்கியது. யார்டை நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிற தைசென்குருப் எடுத்துக்கொண்டது. ஆக கப்பலுக்கும் ஆள் கிடைத்தது, இடத்துக்கும் ஆள் கிடைத்தது.

இது முதல் தடவையும் இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலா யார்டில், அரசு உத்தரவாதக் கடனில் இரண்டு கப்பல்கள் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்கன் கிளாசிக் வாயேஜஸ் கம்பெனி 2001 அக்டோபரில் திவால். முதல் கப்பலின் பாதிக் கூட்டையும் இரண்டாவது கப்பலுக்காக வாங்கிப் போட்டிருந்த சாமான்களையும் நார்வீஜியன் குரூஸ் லைன் வாங்கி, கூட்டை அட்லாண்டிக் தாண்டி ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்கு இழுத்துக்கொண்டு போனது. 2004 ஜனவரியில் அங்கே அடித்த புயலில், வேலை நடந்துகொண்டிருந்த கப்பல், கயிறு கட்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே தண்ணீர் புகுந்து சாய்ந்து தரைதட்டியது. அப்புறம் அதையும் தூக்கி நிறுத்தி, உள்ளே நனைந்ததைப் பிடுங்கிப் போட்டு, 2005-ல் ப்ரைட் ஆஃப் அமெரிக்கா என்று ஹவாய் தீவுகளுக்கு ஓடவிட்டார்கள். முங்கின கப்பலுக்கும் முதலாளி உண்டு என்று இங்கே எங்கள் பசங்க சொல்வது சும்மா இல்லை.

பாதிக் கப்பல் என்றால் நிறைய பேர் தளம் போட்டு நிறுத்திவைத்த வீட்டைப் போல நினைக்கிறார்கள், அப்படியே கிடக்கும், பணம் வந்ததும் மேலே கட்டிக்கொள்ளலாம் என்று. கப்பல் அப்படிக் கிடக்காது. துரு பிடிக்காமலிருக்க பிளேட்டில் அடித்த பிரைமர், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் எரிந்துபோயிருக்கும், பெயின்ட் வேலை வருவதற்குள் ஆள் நின்றுவிட்டால் முதல் மழையிலேயே அந்தக் கோடு கோடான இடமெல்லாம் சிவப்பாகிவிடும். இழுத்துவிட்ட கேபிள் முனைகளில் ஈரம் ஏறும். ஏற்றி வைத்த எஞ்சினை அவ்வப்போது கொஞ்சம் சுற்றிவிடவில்லை என்றால் பேரிங் கெடும். இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி காகிதம். வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, ஒட்டின ஜாயின்ட் பக்கத்தில் அந்த நம்பரைக் குத்திவிட்டுத்தான் வரவேண்டும், பிறகு முக்கியமான இடங்களில் எக்ஸ்ரே, அதற்கு ரிப்போர்ட், கப்பலைச் சோதிக்கிற சர்வேயரின் கையெழுத்து. இந்தக் கட்டு ஒழுங்காக இருந்தால்தான் புதிதாக வாங்குகிறவன் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும், இல்லாவிட்டால் ஒட்டினதையே திரும்ப அறுத்துப் பார்க்கவேண்டிவரும். எந்த ஜாயின்ட்டை எவன் ஒட்டினான் என்பதற்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு இருக்கிறது பாருங்கள். அவனுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கிக்குத்தான் கணக்கு இருக்காது.

இதைச் சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். குமரி மாவட்டத்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் வெட்டு கட்டுப்படியாகாமல் ஐடிஐ முடித்த பையன்கள் குழித்துறையில் ரயில் ஏறி கொச்சிக்கும் அதற்கு வடக்கேயும் யார்டு வேலைக்குப் போவது ரொம்ப காலமாக நடப்பது. நானும் அப்படிப் போனவன்தான். வெளிமாநிலத்தில் நான் கடைசியாக இருந்த யார்டின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. எங்களைக் கூட்டிப்போனது நம்ம ஊர்க் கான்ட்ராக்டர். சம்பளம் கேட்டால், “யார்டுல பில் பாஸாகட்டும் மக்கா, மொத்தமா தாறேன்” என்பார். பில் பாஸாகவே இல்லை. ஒரு நாள் கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்டரும் பொய் சொல்லவில்லை பாவம், அவர் வீட்டுப் பத்திரமே பேங்கில் அடமானமாக இருந்தது.

விஸ்மரில் வேலை பார்த்தவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் ஜெர்மனியில் கம்பெனி திவாலானால் மூன்று மாதம் வரை நின்றுபோன சம்பளத்தைக் கொடுக்க அரசு நிதி ஒன்று இருக்கிறது, அதற்கு முதலாளிகள் எல்லோரும் பணம் கட்டவேண்டும். நம் நாட்டுத் திவால் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 53-ஆம் பிரிவுப்படி கம்பெனியைக் கலைத்து விற்கும்போது தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் பேங்குகளோடு சம வரிசையில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனி ரெஜிஸ்டரில் பெயர் உள்ள தொழிலாளிக்கு அது. எங்கள் பெயர் இருப்பது கான்ட்ராக்டர் நோட்டில். அவரோ அந்தச் சட்டத்தில் சரக்கு கொடுத்தவர், சேவை செய்தவர் கூட்டத்தில் ஒருவர், வரிசையில் வெகு கீழே. ஏபிஜி ஷிப்யார்டு விவகாரத்தில் (நான் இருந்த இடம் அதுவல்ல) பேங்குகளுக்கு மட்டும் 22,842 கோடி ரூபாய் மோசடி என்று சிபிஐ வழக்குப் போட்டது. அப்படிப்பட்ட வரிசையில் கீழே நிற்கிறவன் கைக்கு என்ன வரும்?

கப்பலில் ஓடுகிற மாலுமிக்காவது வழி இருக்கிறது. 2017-ஆம் வருஷத்து அட்மிரால்டி சட்டப்படி கப்பலையே கோர்ட்டில் பிடித்துவைத்து விற்றால் சம்பளப் பாக்கிக்கு முதல் இடம். கட்டினவனுக்கு அந்த முதல் இடம் இல்லை. இன்னும் தண்ணீரில் இறக்காத முக்கால்வாசிக் கப்பல், அதில் இருப்பதெல்லாம் எங்கள் கூலிதான், அதைப் பிடித்துவைக்க எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

எல்லா யார்டுக்கும் கெட்ட முடிவு என்று சொல்லமாட்டேன். மால்பேயில் முடங்கிக் கிடந்த டெப்மா யார்டை 2020-ல் கொச்சின் ஷிப்யார்டு எடுத்து, உடுப்பி கொச்சின் ஷிப்யார்டு என்று பெயர் மாற்றி, இப்போது இழுவைக் கப்பல்களும் நார்வே ஆர்டருக்குச் சரக்குக் கப்பல்களும் அங்கே கட்டுகிறார்கள். நல்ல விஷயம். யார்டு பிழைப்பது ஒன்று, பழைய பாக்கி தீர்வது வேறொன்று.

சட்டத்தை மாற்றுகிற வேலையை எம்பிக்கள் பார்க்கட்டும். உங்கள் பத்திரிகையால் முடிகிற ஒன்று இருக்கிறது. ஒரு கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனதும், பாக்கி வரவேண்டியவர்கள் வந்து பதிவு செய்யச் சொல்லி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். ஒரு ஆங்கிலப் பத்திரிகை, கம்பெனி அலுவலகம் இருக்கிற ஊர் மொழியில் ஒன்று. அதாவது மும்பைக் கம்பெனி என்றால் மராத்தியில் வரும், அகமதாபாத் என்றால் குஜராத்தியில். கொடுக்கும் கெடுவும் இரண்டு வாரம்தான், பிந்தி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் நீட்டிப்பு உண்டு. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் மலையாளமும் இந்தப் பக்கம் தமிழும் படிக்கிற எங்களுக்கு அது எப்படிக் கண்ணில் படும்? எங்களுக்கு விஷயம் தெரியும்போது எல்லாம் முடிந்து வெகு நாளாகியிருந்தது.

ஆகவே நாகர்கோவில் பதிப்பில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, நம் மாவட்டத்து ஆட்கள் வேலை பார்க்கிற யார்டுகள், கட்டுமானக் கம்பெனிகள் ஏதாவது இப்படித் திவாலுக்குப் போனால் அதன் பெயரையும் கடைசித் தேதியையும் தமிழில் போடுங்கள். கூடவே கேட் பாஸ், வருகைப் பதிவு, பேங்கில் சம்பளம் ஏறின பக்கம், இவற்றின் நகலைப் பையன்கள் வேலையில் இருக்கும்போதே எடுத்து வீட்டில் வைக்கவேண்டும் என்றும் எழுதுங்கள். கேட்டில் பாஸைப் பிடுங்கின பிறகு ஒன்றும் கிடைக்காது.

இப்படிக்கு,
முன்னாள் வெல்டர்,
களியக்காவிளை